உங்களுக்குத் தெரியுமா? வேலியோரச் செடி தந்த சளி மருந்து

ராசிபுரம் போன்ற சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் வேலியோரம் வளரும் ஆடாதோடைச் செடியை ஆடுகள் பெரும்பாலும் மேய்வதில்லை. அதன் கசப்பான இலையில் வாசிசின் என்னும் அல்கலாய்டு உள்ளது. அதை மாதிரியாகக் கொண்டு உருவான புரோம்ஹெக்சின் மருந்து 1960களில் விற்பனைக்கு வந்தது. உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாற்றமடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்றே அம்ப்ராக்சால். இன்றைய சளி சிரப்புகள் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும்.

● மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. பீடி, விறகடுப்புப் புகை, ஆறிய காசநோயின் தழும்பு ஆகியவற்றால் இந்த வேலை கெட்டால், சளி தேங்கிக் கிருமிகள் பெருகும்.

● மருந்து சளியை இளக்கும். இளகிய சளியை வெளியேற்ற மூச்சுப் பயிற்சி உதவும். நிதானமாக மூச்சை இழுத்து, சில நொடி நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து ‘ஹா’ என வேகமாக விடுவது ஒரு முறை. இது தொடர் இருமலைவிடக் களைப்புக் குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் இதைக் கற்றுத்தருவார்.

● ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

● சளியில் ரத்தம் வந்தாலோ, நிறம் மாறிக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கூடினாலோ, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.