பேட்டரி டிரில் மிஷின் வாங்கப் போறீங்களா?

மண்ணூரில் கம்பெனி ஆட்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறோம். குடிவந்ததுமே ‘ஸ்கிரீன் கம்பி மாட்டித் தாங்கக்கா’ என்பார்கள். நாலு ஓட்டை போட ஆள் தேடினால் ‘நாளைக்கு வர்றேங்க’தான். நாமே போடலாம்.

முதலில் சுவரைப் பாருங்கள். மரம், தகரத்துக்கு 12 வோல்ட் மிஷின் போதும். செங்கல் சுவருக்கு 18 வோல்ட் வேண்டும். இடித்துக்கொண்டே சுற்றும் ‘ஹாமர்’ வசதியும் அவசியம். கான்கிரீட் தூண், லிண்டலில் அதுவும் திணறும். அங்கே வயர் வைத்த ஹாமர் மிஷின்தான் சரி; விலையும் பெரும்பாலும் குறைவு.

‘20 வோல்ட்’ என்றால் 18-ஐ விடப் பெரிசு என்று கடையில் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்! உள்ளே இருப்பது 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்து. சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் 4 வோல்ட் சொச்சம் காட்டும், அவ்வளவே. கையடக்க மலிவு மிஷினில் 48, 88 என்று போட்டிருந்தால் நம்பவே வேண்டாம்.

பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கட்டாயம் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் மிஷினே வீண். ஆளுக்கு ஒன்று எதற்கு? குழுவுக்கு ஒன்று போதும் என்பது எங்கள் யோசனை.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே வயர் போகும். பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.