மண் மறவாது

நுழையும்முன்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது தமிழிலக்கணம். நிலம் மாறினால் அதனைச் சார்ந்த உணவும் தொழிலும் மாறும். நகரங்களின் காலடியில் உள்ள மண் எவ்வாறு மாறியுள்ளது, அதனை மீட்க இயலுமா என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

மண் என்னும் ஆவணம்

ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். பாறை சிதைந்து, இலைதழை மக்கி, மண்புழுவும் நுண்ணுயிரும் உழைத்து உருவாக்கிய அம்மண், தன்மேல் விழுவனவற்றை அடுக்கடுக்காகச் சேர்த்து வைக்கிறது. கீழடியில் வெளிப்பட்ட செங்கற் கட்டுமானங்களும் பானையோடுகளும் பழந்தமிழரின் நகர வாழ்வை அவ்வாறே காட்டின. இன்றைய நகர மண்ணும் ஓர் ஆவணமே. ஆயினும், அதில் பதிந்துள்ள ஈயம், குரோமியம், பாதரசம், காட்மியம் முதலிய உலோகங்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவை இலைதழைபோல மக்குவதும் இல்லை. எனவே ஆலை மூடப்பட்டு, அதன் பெயரை ஊரார் மறந்த பின்னும் நஞ்சு மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

இராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்

பாலாற்றங்கரை நகரான இராணிப்பேட்டை, செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனின் மனைவி நினைவாகப் பெயர் பெற்றது என்பர். ஊர்ப்பெயர் ஒரு வரலாற்றைச் சொல்ல, மண் வேறொரு வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. ஆவாரம்பட்டை முதலியவற்றால் தோல் பதனிட்ட பழைய முறையுடன், குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் முறையும் அப்பகுதியில் பரவியது. அவ்வுப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. அதன் வளாகத்தில் ஓர் இலட்சம் டன்னுக்கும் மிகுதியான கழிவு எஞ்சியது.

மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரையாது, தீங்கும் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டதோ எளிதில் கரையும், புற்றுநோயையும் விளைவிக்கும். மழைநீரில் கரைந்த இவ்வகைக் குரோமியம் மஞ்சள் நீராக வழிந்து நிலத்தடி நீரிலும் கலந்தது. கிணற்றை நம்பிய உழவரும் கால்நடை வளர்ப்போரும் தம் பிழையின்றியே துன்புற்றனர்.

தமிழகத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. ஆயினும், ஆலையே இல்லாதபோது அதன் கழிவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினா எளிதில் தீர்வதில்லை.

சாலையோர ஈயம்

ஆலையில்லா ஊர்களின் மண்ணும் தப்பவில்லை. ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. எனினும் அதற்கு முன் புகையோடு வெளியேறிய ஈயம் சாலையோர மண்ணில் படிந்துள்ளது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் அது சேர்ந்தால், மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

மண் மீளும் வழிகள்

உலோகத்தை அழிக்க இயலாது. அகற்றலாம், அல்லது தீங்கு குறைந்த வடிவிற்கு மாற்றலாம். சில நுண்ணுயிரிகள் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் உடையதாக மாற்றுகின்றன. தொழுவுரம் போன்ற கரிமப் பொருள்கள் இம்மாற்றத்திற்குத் துணைபுரிகின்றன. கடுகு, சூரியகாந்தி போன்ற தாவரங்கள் உலோகங்களை வேர்வழி உறிஞ்சுகின்றன. வெட்டிவேர் மண்ணரிப்பைத் தடுத்து, நஞ்சு பரவாமல் காக்கிறது. உலோகத்தை உறிஞ்சிய பயிரைத் தீவனமாக்குதல் கூடாது. அதனைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்த வேண்டும். இம்முறைகள் பயனளிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

நாளைய மண்

பழைய ஆலை நிலங்களில் குடியிருப்புகளும் பள்ளிகளும் எழுவதுண்டு. கட்டுவதற்கு முன் அந்நிலத்தின் பழைய பயன்பாட்டை அறிவதும், மண்ணை ஆய்வுக்கு உட்படுத்துவதும் இன்றியமையாதவை. பழுதடைந்த மின்கலத்தையும் மின்னணுப் பொருளையும் குப்பையில் எறியாதிருத்தல் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. கீழடி மண்ணில் முன்னோரின் கைவினையைக் கண்டோம். நம் மண்ணை நாளை அகழ்பவர் எதைக் காண வேண்டும் என்பதை இன்றைய நம் செயல்களே முடிவு செய்கின்றன.