நோவு எலும்பில், பழுது சிறுநீரகத்தில்

முழங்கால் நொந்தால் தைலம், இடுப்பு நொந்தால் நோவுக் குளிசை, வயது போனால் கல்சியம். திருகோணமலையின் சாம்பல்தீவில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் நடப்பதுதான். நாட்பட்ட சிறுநீரக நோயாளிக்கோ இந்தக் கைவைத்தியம் மூன்றில் இரண்டு ஆபத்தானவை.

இந்த நோய் திருகோணமலை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில் வெளிச்சத்துக்கு வந்த, காரணம் தெரியாத சிறுநீரக நோய், இம்மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவிலும் விவசாயிகளைத் தாக்கியது. அது இல்லாத ஊர்களிலும் நீரிழிவும் பிரசரும் அதே வேலையைச் செய்கின்றன.

பழுதான சிறுநீரகம் பொஸ்பேற்றை வெளியேற்றாது. விற்றமின் டியை உடலுக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றாது. இரத்தத்தில் கல்சியம் குறைய, கழுத்திலுள்ள அரிசிமணி அளவான நான்கு பரதைரொயிட் சுரப்பிகளும் ஓயாமல் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை உருவுகின்றன. உருவிய கல்சியம் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் படியலாம்.

பாதிப்பு சிலரில் விசித்திரமாகவே வெளிப்படும். தாடையிலோ விலாவிலோ புற்றுநோய் போன்ற கட்டி எழும். அது கரைந்த எலும்பின் இடத்தில் இரத்தம் கசிந்து உருவாகும் ‘பழுப்புக் கட்டி’. முகத்தின் வடிவமே மாறிப்போகும் அரிய நிலையை 2004இல் துருக்கி வைத்தியர் சாக்லிக்கர் விவரித்தார். படி ஏறும்போதே தொடைத் தசைநாண் அறுந்தவர்களும் உண்டு.

சுரப்பி ஓயாமல் சுரப்பதற்கு நேர்மாறானதும் உண்டு. கல்சியமும் விற்றமின் டியும் அளவு மீறினால் சுரப்பி அடங்கிப்போய், எலும்பு தன்னைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிடும். இரண்டிலும் எலும்பு நோகும், முறியும். மருந்து மட்டும் எதிரெதிர். கல்சியக் குளிசையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது என்பது இதனால்தான்.

எலும்புக்குக் கேடு தண்ணீராலும் வரலாம். உலர்வலயக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் அதிகம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். சிறுநீரகம் தளர்ந்தவரின் எலும்பில் புளோரைட் கூடுதலாகச் சேரும். எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும் அந்த எலும்பு உண்மையில் நொறுங்கக்கூடியது.

நோவுக் குளிசையின் கதை இன்னும் மோசம். டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்றவை மிச்சமுள்ள சிறுநீரகத்தையும் கெடுக்கும். எலும்பு நோவுக்கு விழுங்கியதே எலும்பு நோயை வளர்க்கும்.

ஆகவே சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர், எலும்பு நொந்தால் அங்கேயே சொல்லவேண்டும். கல்சியம், பொஸ்பேற்று, பரதைரொயிட் ஹோர்மோன் ஆகிய மூன்றின் இரத்தப் பரிசோதனை எப்போது நடந்தது என்றும் கேட்கவேண்டும். பொஸ்பேற்று கூடியிருந்தால் முதலில் குறைக்கவேண்டியவை கோலாவும் சொசேஜும். அவற்றில் சேர்க்கப்படும் பொஸ்பேற்றை உடல் ஏறக்குறைய முழுதாகவே உறிஞ்சிவிடும். கருவாடும் முள்ளோடு தின்னும் நெத்தலியும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். பொஸ்பேற்றைக் கட்டுப்படுத்தத் தரும் குளிசையைச் சாப்பாட்டோடுதான் எடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் உணவிலுள்ள பொஸ்பேற்றை அது பிடிக்காது.