முதல் வகுப்பில் கொடுக்க வேண்டிய இரண்டு பக்கம்

கரும்பலகைக்கு இந்தப் பக்கம் – 9

செமஸ்டர் தொடங்குமுன் பாடத்துக்கு எப்படித் தயாராவது என்று சென்ற வாரம் பார்த்தோம். இனி முதல் வகுப்பு. “சிலபஸ் யுனிவர்சிட்டி சைட்ல இருக்கு, டவுன்லோடு பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிட்டு நேரே யூனிட் ஒன்றுக்குப் போய்விடுகிறவர்களே நம்மில் அதிகம். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் எழுதித் தருகிறது. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் அதை முடிவு செய்வது போர்டு ஆஃப் ஸ்டடீஸ்தான். தனி ஆசிரியர் அதில் ஒரு வரி கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து யூனிட், யூனிட்டுக்கு 9 பீரியட், மொத்தம் 45. நோக்கங்கள், தலைப்புகள், புத்தகப் பட்டியல். எதைப் படிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து, யாரிடம் கேட்டு, எத்தனை மார்க்குக்காக என்பது இல்லை. இந்த நான்கையும் சொல்லக்கூடியவர் வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவர்தான்.

நாம் எழுதுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. என்.பி.ஏ., நாக் குழுக்கள் வரும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் ஃபைல் தயாராகிறது. லெசன் பிளான், சி.ஓ.–பி.ஓ. மேப்பிங், 1, 2, 3 என்று எண் நிரப்பிய கட்டங்கள் என்று எல்லாம் இருக்கும். குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஃபைல் பீரோவுக்குள் போய்விடும். யாருக்காகப் பாடம் நடக்கிறதோ அந்த மாணவர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஃபைலிலிருந்து இரண்டு பக்கத்தை எடுத்து, மாணவருக்குப் புரிகிற மொழியில் எழுதி, முதல் வகுப்பிலேயே கையில் கொடுங்கள் என்பதுதான் இந்த வாரத்துக் கோரிக்கை.

முதலில் மார்க் கணக்கு. இந்த ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. இன்டர்னலுக்கு இரண்டு அசெஸ்மென்ட். ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட் அல்லது செமினார் போன்ற வேலைக்கு 40. கூட்டிக் கழித்தால் மொத்தம் நூறில் 16 மார்க் அசைன்மென்ட் வழியாக வருகிறது. கடைசி நாள் இரவில் அடுத்தவரைப் பார்த்து எழுதும் பையனுக்கு இந்த 16 தெரியாது. தேர்ச்சிக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் குறைந்தது 45 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். ஆக, இன்டர்னலில் 23 வைத்திருப்பவருக்குத் தேர்வுத்தாளில் நூற்றுக்கு 45 போதும். 20 வைத்திருப்பவருக்கு 50 வேண்டும். 10 மட்டும் வைத்திருப்பவர் 67 எடுத்தாக வேண்டும். மூன்று வரி அட்டவணைதான். “இன்டர்னலை விடாதீங்கப்பா” என்று பத்துத் தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

அடுத்தது புத்தகம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்குப் பாடநூல் மார்க் ஆலன் வெய்ஸ் எழுதியது. முதல் இரண்டு யூனிட்டில் வரும் லிஸ்ட், ஸ்டாக், கியூ மூன்றும் அந்தப் புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கின்றன. ட்ரீ நான்காவது. கிராஃப் பார்க்க ஒன்பதாவதுக்குத் தாண்ட வேண்டும். கடைசி யூனிட்டின் ஹாஷிங் ஐந்தாவதிலும், சார்ட்டிங் ஏழாவதிலும் கிடக்கின்றன. இந்த வரிசையை யாரும் சொல்லாதபோது, நூலகத்தில் புத்தகத்தைத் திறந்த மாணவர் குழம்பி மூடிவிட்டு ஜெராக்ஸ் கடை மெட்டீரியலுக்குப் போய்விடுகிறார். யூனிட்டுக்கு நேரே அத்தியாய எண், முடிந்தால் பக்க எண், அதில் விட்டுவிடலாம் என்றால் எந்தப் பகுதி என்று எழுதுங்கள்.

கால அட்டவணையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் எல்லா யூனிட்டுக்கும் ஒன்பது பீரியட் என்று இருந்தாலும், எல்லா யூனிட்டும் ஒரே கனம் இல்லை. பாயின்டரே கைவராத வகுப்பில் லிங்க்டு லிஸ்ட் ஒன்பதில் முடியாது. எங்கே மெதுவாகப் போவீர்கள், எங்கே வேகமெடுப்பீர்கள் என்று வாரவாரியாகப் போட்டால் உங்களுக்கே கடைசி மாதத்து ஸ்பெஷல் கிளாஸ் குறையும்.

இனி விதிகள். வருகைப்பதிவு விதி பல்கலைக்கழகத்துடையது. அதைத் திருப்பி எழுத வேண்டாம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். அசைன்மென்ட் தாமதமானால் நாளுக்கு எத்தனை மார்க் குறையும், காய்ச்சலில் டெஸ்டைத் தவறவிட்டவருக்கு ரீடெஸ்ட் உண்டா, எந்த நேரம் ஸ்டாஃப் ரூமுக்கு வரலாம், வாட்ஸ்அப்பில் எத்தனை மணிவரை கேட்கலாம் என்பவை. எழுதி வைக்காத விதி ஆளுக்கு ஆள் மாறும். தயங்காமல் வந்து கேட்கிறவருக்குச் சலுகை கிடைக்கும், கூச்சப்படுகிறவருக்குக் கிடைக்காது.

சாட்ஜிபிடி பற்றி மௌனமாக இருக்கவும் முடியாது. யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் உள்ள சதவீத வரம்புகள் ஆய்வேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டாம் ஆண்டு அசைன்மென்டுக்கு எது உதவி, எது காப்பி என்று நீங்கள்தான் கோடு போட வேண்டும். உதாரணமாக: பிழை கண்டுபிடிக்கக் கேட்கலாம், புரோகிராமை எழுதி வாங்கக் கூடாது, சமர்ப்பித்ததை வைவாவில் விளக்கத் தெரிய வேண்டும்.

பலரும் மறந்துவிடும் ஒரு வரி உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 17 தேர்வில் கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதும் உதவியாளரையும் குறிப்பிடுகிறது. “இப்படி ஏதாவது தேவை இருந்தால் முதல் வாரத்திலேயே என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்” என்று எழுதி வைத்தால், வகுப்பு நடுவே கை தூக்கிக் கேட்க வேண்டிய சங்கடம் அந்த மாணவருக்கு இருக்காது.

பொன்மொழி, கல்லூரியின் விஷன்–மிஷன், ப்ளூம் வகைப்பாட்டு எண்கள் எதுவும் இந்த இரண்டு பக்கத்தில் வேண்டாம். அவற்றுக்குக் கோர்ஸ் ஃபைலிலேயே இடம் இருக்கிறது.

எழுதி முடித்ததும் சக ஆசிரியரிடம் காட்டாதீர்கள். “நல்லா இருக்கு சார்” என்பார். போன ஆண்டு இதே பாடத்தில் அரியர் வைத்த ஒருவரிடம் கொடுத்து, “இதுல எது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்?” என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் வரியை மேலே ஏற்றுங்கள். இதில் இல்லாத ஒன்றை அவர் சொன்னால், அதற்கு இடம் செய்ய வேறொன்றை வெட்டுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: இன்டர்னல் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுப்பது