“குழந்தைகளோட விளையாடுற வேலைதானே?” - மழலையர் வகுப்பு டீச்சர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள்?

இரவு ஒன்பதரை மணி. ப்ளே ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது: “மிஸ், இன்னைக்கு பாப்பா லஞ்ச் முழுசா சாப்பிட்டாளா?” அடுத்த நிமிடமே இன்னொன்று: “மிஸ், தம்பி கையில கீறல் இருக்கே, யாரு கிள்ளினா?”

இப்படி ஒரு குரூப்பில் நீங்களும் இருக்கலாம். கேள்விகளில் தப்பில்லை. மூன்று வயசுக் குழந்தை வீட்டுக்கு வந்து நடந்ததைக் கோர்வையாகச் சொல்லாது, பெற்றோருக்குப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கம் பதில் டைப் செய்கிற மிஸ்ஸுக்கு வேலை நேரம் முடிந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். அவர் வீட்டிலும் ஒரு குழந்தை தூங்காமல் அடம்பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஆறு வயதுக்கு முன்பே மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கு மேல் நடந்துவிடுகிறது என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. மூன்று வயதிலிருந்தே கல்வி தொடங்குகிறது என்று கணக்குப் போட்டு, 5+3+3+4 என்று பள்ளி அமைப்பையே மாற்றச் சொன்ன ஆவணம் அது. அவ்வளவு முக்கியமான வயதென்றால், அந்த வயதுக் குழந்தைகளுடன் நாள் முழுக்க இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதும் முக்கியம்தானே? அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

ஐந்தாம் வகுப்பு டீச்சர் “அமைதி!” என்றால் வகுப்பு அடங்கும். இரண்டரை வயதுக் குழந்தைகள் இருக்கும் அறையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு குழந்தை அம்மா வேண்டும் என்று அழும். அதைப் பார்த்து இன்னும் இரண்டு அழும். ஒன்று டிரவுசரை நனைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் மூலையில் நிற்கும். இன்னொன்று பக்கத்துக் குழந்தையின் கையைக் கடிக்கப் போகும். இவ்வளவையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, முகத்தில் எரிச்சல் தெரியாமல், குரல் உயராமல் டீச்சர் இருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வயதில் குழந்தை பாடத்தைவிட முகத்தைத்தான் முதலில் படிக்கிறது.

இதற்குச் சமூகவியலில் ஒரு பெயர் உண்டு: உணர்வு உழைப்பு. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு, 1983-ல் வெளியான ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ புத்தகத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார். அவர் முக்கியமாகக் கவனித்தது விமானப் பணிப்பெண்களை. உள்ளே என்ன ஓடினாலும் வெளியே சிரித்த முகத்தோடு இருப்பதே சம்பளத்துக்கான வேலையாகிவிடுகிறது என்பதுதான் சாரம். கஸ்டமர் கால்களை நாள் முழுக்க அட்டெண்ட் செய்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அவர்கள் போன் வைத்ததும் ஹெட்செட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மூச்சு விடலாம். மழலையர் வகுப்பில் அந்த ஒரு நிமிடத்துக்கு வழியில்லை.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. தரையில் உட்கார்ந்து எழுவது, குழந்தை உயரத்துக்குக் குனிவது, பதினைந்து கிலோ எடையைத் திடீரென்று தூக்குவது என்று முதுகுக்கும் முழங்காலுக்கும் ஓய்வே இருக்காது. வகுப்பில் ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் டீச்சருக்கும் பிடிக்கும். குழந்தைகளைத் தனியாக விட்டுப் போக முடியாது என்பதால் கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர்கள் இந்த வேலையில் உண்டு. பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை என்பதால், இதெல்லாம் ‘சகிச்சுக்கிறது’ என்ற கணக்கில் போய்விடுகிறது.

மாண்டிசோரி டீச்சரிடம் கேட்டது என்ன?

‘மாண்டிசோரி’ என்று போர்டு போட்ட பள்ளி இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. அந்தப் பெயருக்கு உலகளாவிய தனியுரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிங்க் டவரும் மர உருளைகளும் அலமாரியில் இருந்தால் மாண்டிசோரி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மரியா மாண்டிசோரியோ பொருட்களுக்கு இணையாகப் பேசியது பெரியவர்களைப் பற்றி.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அங்கே வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. அது நல்லதாகவே போனது என்று பிற்பாடு மாண்டிசோரி கருதினார். பழைய பழக்கங்கள் இல்லாததால் அவர் குழந்தைகளை அதட்டாமல் கவனித்தார் என்பது காரணம்.

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்ததும் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான். அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியரான அவர் பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டுப்பாடுகளோடு தங்க வேண்டியதாயிற்று. சில மாதப் பயணமாகத் தொடங்கியது வருடக்கணக்கில் நீண்டது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய புகழ்பெற்ற நூலான ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ 1949-ல் முதலில் வெளியானதும் சென்னையில்தான்.

அவர் டீச்சரிடம் எதிர்பார்த்தது அதிகம். பாடம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு கவனிக்க வேண்டும். குழந்தை ஒரு வேலையில் மூழ்கியிருந்தால் பாராட்டாகக்கூட குறுக்கே பேசக் கூடாது. சுமார் மூன்று மணி நேரம் இடையூறு இல்லாத வேலை நேரம், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக, மெதுவான கை அசைவுகளில் செயல்விளக்கம், யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தினக் குறிப்பு. இதற்கெல்லாம் முன்னால் டீச்சர் தன்னையே தயார் செய்துகொள்ள வேண்டும், குறிப்பாகத் தன்னிடம் உள்ள கோபத்தையும் கர்வத்தையும் கண்டுபிடித்துக் களைய வேண்டும் என்று எழுதினார்.

கேட்க அருமையாக இருக்கிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கோபப்படாத, அவசரப்படாத மனநிலையை டீச்சரின் தனிப்பட்ட குணமாகப் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. ‘பொறுமைசாலியான டீச்சர் தேவை’ என்று விளம்பரம் வரும். அந்தப் பொறுமை மாலை வரை தாங்குவதற்குத் தேவையான உதவியாளர், இடைவேளை, குறிப்பு எழுதக் குழந்தைகள் இல்லாத ஒரு மணி நேரம், கௌரவமான சம்பளம் ஆகியவற்றைப் பற்றி அதே விளம்பரத்தில் ஒரு வரியும் இருக்காது. அரை நாள் குறுக்கிடாமல் கவனி என்பார்கள். கூடவே மணிக்கு ஒரு போட்டோ எடுத்து பேரன்ட்ஸ் குரூப்பில் போடு என்றும் சொல்வார்கள்.

அங்கன்வாடியில் ஒரே ஆளுக்கு எத்தனை வேலை?

பெரும்பாலான ஏழைக் குழந்தைகளுக்கு முதல் டீச்சர் அங்கன்வாடியில்தான் கிடைக்கிறார். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. குழந்தைகள் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரசு ஆவணத்தில் அவர் ‘பணியாளர்’.

அந்தச் சொல்லுக்குக் காரணம் உண்டு. திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று மட்டுமே. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, ஊட்டச்சத்து ஆலோசனை என மீதி ஐந்தும் அவர் தலையில்தான். குழந்தைகளின் எடை, உயரம் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். பல இடங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் சேரும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று தமிழ்நாட்டுக்கு அழகான முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருக்கிறது. ஆடிப் பாட நேரம் எங்கே என்பதுதான் கேள்வி.

2021-ல் போஷன் டிராக்கர் ஆப் வந்தது. நோட்டுப் புத்தகச் சுமை குறையும் என்றார்கள். நெட்வொர்க் கிடைக்காத ஊர்களிலும், ஸ்லோவான போன்களிலும் அதுவே புதுச் சுமையானது. அதே ஆண்டு மகாராஷ்டிராவில் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவுப் பொருளுக்கு முக அடையாளப் பதிவும் கட்டாயமாக்கப்பட்டது. ஆப் ஏற்காவிட்டால், பொருள் வாங்க வந்த தாய் கேள்வி கேட்பது எதிரே நிற்கும் பணியாளரைத்தான்.

சம்பளம்? மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாய் ஆனது, உதவியாளருக்கு 2,250. தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல். இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. 2025-ல் வந்த பணி நியமன அறிவிப்பின்படி புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், பிறகு 7,700 - 24,200 என்ற ஊதிய நிலை. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் பெருமைப்படலாம். சென்னையில் ஒரு பிரபல ப்ளே ஸ்கூலின் ஃபீஸோடு ஒப்பிட்டால் பெருமை கொஞ்சம் குறையும்.

எல்.கே.ஜி. என்றால் இறக்கமா?

இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்பதைக் காட்ட ஒரு தமிழ்நாட்டுக் கதை போதும். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளிகளிலிருந்து இடைநிலை ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். பலர் இதைப் பதவி இறக்கமாகப் பார்த்து எதிர்த்தார்கள். நீதிமன்றம் வரை விஷயம் போனது. 2022-ல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திரும்ப அழைக்கப்பட்டனர். எல்.கே.ஜி. மூடப்படுகிறதா என்று சர்ச்சை எழுந்ததும், வகுப்புகள் தொடரும் என்றது அரசு. அதற்காக நியமிக்கப்பட்ட தற்காலிக சிறப்பாசிரியர்களுக்கு மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய்.

ஒன்றாம் வகுப்பில் நின்றால் முழுச் சம்பளம். அதே வளாகத்தில் பக்கத்து அறைக்குப் போனால் ஐயாயிரம். எதிர்த்த ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை என்று சம்பளப் பட்டியலே சொல்லும்போது, அவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

சட்டம் இவர்களை என்னவென்று அழைக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் ஆக மாட்டார்கள் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் பள்ளி ஆசிரியர்களோ, தொழில் தகராறு சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ ஆக மாட்டார்கள் என்று 1988-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆக, பணியாளர் அரசு ஊழியர் இல்லை. வேலை பார்க்கும் டீச்சர் தொழிலாளியும் இல்லை.

2022-ல் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளி ஆசிரியர்களையும் பணிக்கொடைக்குள் கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லும் என்று ஆகஸ்டில் சொன்னது. ஆனால் பணிக்கொடை விதி பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான். நான்கு டீச்சர், இரண்டு ஆயாவோடு ஒரு வாடகை வீட்டில் நடக்கும் ப்ளே ஸ்கூலுக்கு இது எட்டாது. காப்பக வசதி கட்டாயம் ஆவது 50 பேராவது வேலை செய்தால்தான். அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தன் குழந்தையை எங்கே விட்டு வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்?

யோகா செஷன், ‘டீச்சர்ஸ் டே’ கேக், ஒரு நாள் மோட்டிவேஷன் வகுப்பு. நிறுவனங்கள் இந்த வரிசையில்தான் யோசிக்கின்றன. கார்ப்பரேட் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஃபார்முலா புதிதல்ல. எதுவும் கெடுதல் இல்லை, ஆனால் அறையில் இரண்டாவதாக ஒரு பெரியவர் இருப்பதற்கு இவை ஈடாகாது. முதல் தேவை அதுதான். அடுத்தது, குறிப்பு எழுதவும் பொருட்களைச் சரிபார்க்கவும் சம்பளத்தோடு கூடிய, குழந்தைகள் இல்லாத நேரம். அங்கன்வாடியில் ஆப் வேலைக்கும் கல்விக்கும் தனித்தனி ஆட்கள் வேண்டும். தினமும் இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்வி நடக்க வேண்டும் என்பது 2023-ல் தொடங்கிய ‘போஷன் பி, படாய் பி’ திட்டத்தின் நோக்கம். அதற்காகப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இருக்கிற வேலையில் எதையும் எடுக்காமல் அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பயிற்சியில் பதில் கிடைக்காது.

பெற்றோர் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. இரவு ஒன்பதரை மணி மெசேஜை, அவசரம் இல்லையென்றால், காலைக்குத் தள்ளிப்போடலாம். அட்மிஷனுக்குப் போகும்போது ஏ.சி., சிசிடிவி, ஸ்மார்ட் போர்டு பற்றிக் கேட்கிறோம். அதோடு இந்த வகுப்பு டீச்சர் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார் என்றும் கேட்கலாம். வருஷத்துக்கு ஒரு டீச்சர் மாறும் பள்ளியில், குழந்தை ஒவ்வொரு ஜூனிலும் புது முகத்தோடு முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்: “மிஸ் பாத்ரூம் போனா, அந்த அஞ்சு நிமிஷம் பசங்களை யார் பார்த்துப்பாங்க?” பிரின்சிபால் ஒரு பெயரைச் சொன்னால் நல்லது. யோசிக்க ஆரம்பித்தால், அந்த அறையில் ஒரே ஒரு பெரியவர்தான் இருக்கிறார் என்று அர்த்தம்.