கொக்கா, ட்ரோனா?

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் படப்பை ஏரிக்கரையில் நின்றால், கொக்குகள் சாரிசாரியாகத் திரும்புவதைப் பார்க்கலாம். முகூர்த்த நாளென்றால் கல்யாண மண்டபத்துப் பக்கமிருந்து படமெடுக்கும் ட்ரோன் ஒன்றும் எழும்பும். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் இரண்டும் கறுப்புப் புள்ளிதான். ரேடாருக்கும் இதே திண்டாட்டம். சின்ன ட்ரோனில் பட்டுத் திரும்பும் அலை, பறவையில் பட்டு வருவதைப் போலவே மெலிந்திருக்கும். தூரம் இரு மடங்கானால் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

பிறகு எப்படிப் பிரித்தறிவது? அங்கேதான் எனக்கு வியப்பு. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஹாரன் அடித்தபடி வரும் பஸ், நம்மைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று தணிந்து கேட்கிறதல்லவா? அதுதான் டாப்ளர் விளைவு. ரேடார் அலைக்கும் அது உண்டு. 24 சென்டிமீட்டர் அகல விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் நுனி மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு கணம் ரேடாரை நோக்கி, மறுகணம் விலகி. ட்ரோன் அந்தரத்தில் அசையாமல் நின்றாலும் இந்தத் துடிப்பு ஓயாது. கொக்கோ நொடிக்குச் சில தடவைதான் சிறகடிக்கும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, ரேடார் உருவத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பார்க்கிறது.

இன்னொரு வழி, ஒட்டுக்கேட்பது. ட்ரோனும் ரிமோட்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்ளும். வைஃபையும் புளூடூத்தும் ஓடுவது அதே அலைவரிசையில்தான். ஒரகடம் போன்ற தொழிற்பேட்டையில் அது சந்தை இரைச்சல்.

இவ்வளவு பாடு எதற்கு? 2021 ஜூன் 27 அதிகாலை, ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் வழியே இரண்டு குண்டுகள் விழுந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். கிழக்கே தாம்பரம் விமானப்படைத் தளம், வடகிழக்கே மீனம்பாக்கம் என்றிருக்கும் படப்பைக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டில்தான் ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையம் 45 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டது.

சந்தேகம் வந்ததுமே சிக்னலை முடக்கிவிடலாமே என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து லிட்டர் மருந்தோடு வயலுக்கு மேலே பறக்கும் ட்ரோன் தடுமாறி விழுந்தால், கீழே களை பறிப்பவர் கதி என்ன? முதலில் அது யாருடையது என்று தெரிய வேண்டும்.

உக்ரைன் போரில் இப்போது மயிரிழை போன்ற கண்ணாடி நாரை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. ஆணையெல்லாம் நார் வழியே போகிறது. ஒட்டுக்கேட்க ஒன்றுமில்லை, முடக்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ட்ரோனின் விசிறி சுற்றித்தான் ஆக வேண்டும்.