இடுப்பு வலியும் கைச் சிகிச்சையும்

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் நினைவுக்கு வருபவர் சொந்த ஊர் வைத்தியரே. விடுமுறை கிடைக்கட்டும், ஊருக்குச் சென்று நீவிவிட்டுக்கொள்ளலாம் என்று தில்லியிலும் மும்பையிலும் வாரக்கணக்கில் வலியோடு காத்திருப்போர் உண்டு. அந்த நம்பிக்கை வீணானதன்று. சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைத் தொக்கணம் கூறப்படுகிறது. இயன்முறை மருத்துவரும் இவற்றை ஒத்த செயல்களைச் செய்கின்றனர். ஆனால் கை எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

இடுப்பில் முள்ளெலும்புகள் ஐந்து. அவற்றிடையே மெத்தைபோல் வட்டுக்கள் உள்ளன. வட்டு பிதுங்கி நரம்பின் வேரை உறுத்தினால், வலி பிட்டத்திலிருந்து பாதம் வரை பாயும், காலும் உயராது. இதனைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-ஆம் ஆண்டில் விளக்கினர். மல்லாந்து படுத்தவரின் காலை, முழங்கால் மடங்காமல் மருத்துவர் உயர்த்திப் பார்ப்பது இதற்காகவே. 30 முதல் 70 பாகைக்குள் அவ்வலி முழங்காலுக்குக் கீழும் ஓடினால் நரம்பை ஐயுறுவர். தொடையின் பின்புறம் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசையின் இறுக்கமே.

நீவும்போது ‘சடக்’கென ஓசை எழுந்தால், நழுவிய எலும்பு இடத்தில் அமர்ந்துவிட்டதென மகிழ்கிறோம். உண்மை அதுவன்று. மூட்டு நீரினுள் வாயுக் குமிழ் தோன்றும் ஓசை அது. கையின் அழுத்தம் தசை விறைப்பைத் தளர்த்தி, வலியைச் சிறிது காலம் தணிக்கிறது. அந்த இடைவேளையில் நடக்கவும் பயிற்சி செய்யவும் வேண்டும். மீண்டும் படுத்துவிட்டால் பலன் நில்லாது. நாட்பட்ட இடுப்பு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, உடற்பயிற்சியோடு நீவுதலுக்கும் முள்ளெலும்பை அசைக்கும் சிகிச்சைக்கும் இடமளிக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிய வேண்டாமென்கிறது. பட்டை வாங்கி அலமாரியில் வைத்திருப்போர், என்னையும் சேர்த்து, வருந்த வேண்டியதுதான்.

எவரும் கைவைக்கலாகாத நிலைகளும் உண்டு. சிறுநீர் தடைப்படுதல் அல்லது அறியாமல் கழிதல், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல், பாதம் தொங்குதல், காய்ச்சலோடு வரும் வலி, விழுந்தபின் தோன்றிய கடும் வலி ஆகியவை அவை. முதல் மூன்றில் ஒரு நாள் தாமதமும் நரம்பை நிலையாகக் கெடுத்துவிடலாம். அவ்வேளை ஊருக்குச் செல்லும் ரயிலைத் தேடாதீர்கள். இருக்கும் நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். மொழி தெரியாதெனத் தயங்க வேண்டாம். இந்தி வழங்கும் ஊரானால் ‘பேஷாப் ருக் கயா ஹை’ என்று சொல்லி, மரத்த இடத்தைக் காட்டி ‘சுன் ஹை’ என்றால் மருத்துவர் புரிந்துகொள்வார்.